பூண்டிக்குப் போய்க் கல்லைப் பார்த்த கதை

போன சனிக்கிழமை ஆணி எதுவும் இல்லை. நெமிலிச்சேரியில ரயிலேறி திருவள்ளூர், அங்கிருந்து பஸ்ஸில் பூண்டி. "ஏரி பார்க்கவா?"ன்னார் கண்டக்டர். இல்லைங்க, கல்லு பார்க்க!

தொல்லியல் துறையோட தொல்பழங்கால அகழ்வைப்பகம் அங்கேதான் இருக்கு. சின்ன இடம். கைக்கோடரியைப் பார்த்தா பெரிய மாங்கொட்டை மாதிரி இருக்கு. ரெண்டு பக்கமும் செதுக்கி, ஓரத்தைக் கூராக்கி, அடிப்பக்கம் உள்ளங்கையில் உட்காருகிற மாதிரி.

1863 மே மாசம் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியை எடுத்தார். அதே வருஷம் செப்டம்பரில், வில்லியம் கிங்கோட சேர்ந்து, பூண்டிக்குக் கிட்ட இருக்கிற அத்திரம்பாக்கத்தில் இன்னும் நிறைய. பின்னாடி சாந்தி பப்பு குழு அங்கே தோண்டி 2011ல் வெளியிட்ட வயசு: குறைஞ்சது 10 லட்சம், சராசரியா 15 லட்சம் வருஷம்.

'எல்லாம் நம்மாளுங்க செஞ்சது'ன்னு பெருமையா ஒரு பதிவு போடத்தான் போனேன். ஆனா நம்ம ஹோமோ சேப்பியன்ஸ் இனத்துக்கே சுமார் 3 லட்சம் வயசுதான். இதைச் செதுக்கினவன் வேற மனுஷன். தமிழனுமில்லை, நம்ம இனமே இல்லை. கொசஸ்தலைத் தண்ணி மட்டும் பொது.

பக்கத்தில் ஒரு பொடியன், "நம்ம கொல்லையிலயே இந்த மாதிரி கல்லு கிடக்குதேப்பா"ன்னான். அவங்க அப்பா சிரிச்சார். நான் எந்த ஊருன்னு விசாரிச்சேன் :-)