சாம்பலில் பிறந்த இனிப்பு

ஒரு கரண்டியில் சிறிது ஆப்பசோடாவை எடுத்துக்கொண்டு, அதன்மேல் எலுமிச்சம்பழச் சாற்றைச் சில சொட்டுகள் பிழிந்து பாருங்கள். ‘சர்’ரென்று நுரை பொங்கும். கரியமில வாயுதான் அப்படிப் பொங்கி வெளியேறுகிறது என்பதைப் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். ஆனால், இந்த நுரை சமையலறைக்குள் வந்து சேர்ந்த கதையைப் படித்திருக்கிறீர்களா? அமெரிக்கத் தின்பண்டம் ஒன்றைத் துணையாகக் கொண்டு அதைக் காண்போம்.

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் உள்ள பகுதிக்கு நியூ இங்கிலாந்து என்று பெயர். அங்கே வீடுகளில் நெடுங்காலமாகச் செய்யப்பட்டு வரும் ஒரு பண்டம் ‘ஹெர்மிட்’. இச்சொல்லுக்குத் துறவி என்று பொருள். மாவு, வெண்ணெய், முட்டை, உலர்ந்த திராட்சை ஆகியவற்றோடு இலவங்கப்பட்டை, கிராம்பு, சாதிக்காய், சுக்கு எல்லாம் சேரும். இனிப்புக்குச் சர்க்கரையோடு மொலாசஸ், அதாவது சர்க்கரை எடுத்தபின் எஞ்சும் கருநிறக் கரும்புப்பாகு. பிசைந்ததைத் தட்டில் பரப்பிச் சுட்டு, நம்மூர் பர்பியைப் போலத் துண்டு போடுவார்கள். பாகிலுள்ள குளுக்கோசும் ஃபிரக்டோசும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால், பல நாள் ஆனாலும் துண்டுகள் மிருதுவாகவே இருக்கும்.

இதை நானும் ஒருமுறை வீட்டில் செய்து பார்த்தேன். மொலாசஸ் கிடைக்காததால் வெல்லப்பாகை ஊற்றினேன். ஆப்பசோடாவில் குறை வைக்கவில்லை. வெந்து வந்ததும் ஆவலோடு ஒரு துண்டை வாயில் போட்டால், சோப்பைக் கடித்தது போல இருந்தது! வாணலியில் தவறா, அடுப்பில் தவறா என்று குழம்பினேன். தவறு இரண்டிலும் இல்லை, வேதியியலில் இருந்தது. அதைப் புரிந்துகொள்ள இருநூறு ஆண்டுகளுக்கு மேல் பின்னோக்கிப் போக வேண்டும்.

மாவைப் பொங்க வைக்க அந்நாளில் ஈஸ்டைத்தான் பயன்படுத்தினார்கள். ஈஸ்ட் ஓர் உயிர். இனிப்பு மிகுந்த மாவில் சவ்வூடு பரவல் காரணமாக அதன் செல்களிலிருந்து நீர் வெளியேறிவிடும், வளர்ச்சி மந்தமாகும். இலவங்கப்பட்டையும் கிராம்பும் வேறு அதைத் தளர்த்தும். எனவே பாகும் மசாலாவும் நிறைந்த மாவு எளிதில் பொங்காது.

இதற்கு விடை சாம்பலில் கிடைத்தது. குடியேறிய மக்கள் விளைநிலத்துக்காகக் காடுகளை அழித்து மரங்களை எரித்தார்கள். சாம்பலை நீரில் கரைத்து வடிகட்டி, இரும்புப் பானைகளில் காய்ச்சினார்கள். அடியில் தங்கிய உப்பே ‘பொட்டாஷ்’. பானைச் சாம்பல் என்பதே அச்சொல்லின் பொருள். அதைச் சூளையிலிட்டு மேலும் சுட்டால் கரி நீங்கி வெளுத்துவிடும். அந்த வெண்ணிற உப்பை ‘முத்துச் சாம்பல்’ என்று அழைத்தார்கள். நம் மொழியில் சொன்னால், பொட்டாசியம் கார்பனேட். கண்ணாடி, சோப்பு, துணித் தொழில்களுக்கு இது இன்றியமையாத பொருள். அமெரிக்க அரசு வழங்கிய முதல் காப்புரிமையே இதைச் செய்யும் முறைக்குத்தான்! 1790 ஜூலை 31 அன்று சாமுவேல் ஹாப்கின்ஸ் என்பவர் பெற்ற அந்த உரிமைப் பத்திரத்தில் ஜார்ஜ் வாஷிங்டனின் கையெழுத்து இருக்கிறது.

இவ்வுப்பு சமையலுக்கும் வந்தது. 1796இல் ஹார்ட்ஃபோர்டு நகரில் அமீலியா சிம்மன்ஸ் என்ற பெண்மணி ‘அமெரிக்கன் குக்கரி’ என்ற சிறு நூலை வெளியிட்டார். இஞ்சி ரொட்டிக்கும் குக்கிகளுக்கும் முத்துச் சாம்பலைச் சேர்க்கும்படி அதில் எழுதினார். கார்பனேட்டிலிருந்து ஒரு வாயு வெளிப்படுகிறது என்பதை ஜோசப் பிளாக் என்ற அறிஞர் 1756இலேயே விளக்கியிருந்தார். அமிலம் என்றால் என்ன என்பதற்கு அயனிகளைக் கொண்டு அர்ரீனியஸ் விளக்கம் தந்ததோ 1880களில்தான். அந்த விளக்கத்துக்காகப் பெண்கள் காத்திருக்கவில்லை. பாகோ புளித்த பாலோ இருந்தால் உப்பு வேலை செய்கிறது என்பதைக் கை அனுபவத்தால் அறிந்து வைத்திருந்தார்கள்.

அந்தப் பாகு எங்கிருந்து வந்தது? மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களிலிருந்து. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகள் அங்கே வெட்டிய கரும்பு அது. பிரிட்டிஷ் தீவுகளில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1834இல்தான் நடைமுறைக்கு வந்தது. மலிவான இனிப்பு என்று பெயர் பெற்ற பாகுக்கு உண்மையான விலையைக் கொடுத்தவர்கள் அவர்களே. இதை மறந்துவிட்டு இப்பண்டத்தின் வரலாற்றை எழுத முடியாது.

முத்துச் சாம்பலில் ஒரு குறை உண்டு. அது வலிய காரம். மாவிலுள்ள கொழுப்போடு சேர்ந்து சோப்பாக மாறிவிடும். காரமான மசாலாக்கள் அந்தச் சுவையை ஓரளவு மறைத்தன. 1846இல் ஜான் டுவைட், ஆஸ்டின் சர்ச் இருவரும் அமெரிக்காவில் சோடியம் பைகார்பனேட்டைத் தயாரித்து விற்கத் தொடங்கினார்கள். இது மென்மையான காரம். சாம்பல் மெல்ல மெல்லச் சமையலறையை விட்டு வெளியேறியது.

ஆனால் சோடாவுக்கும் ஒரு துணை வேண்டும். அமிலம் போதிய அளவு இருந்தால் 84 கிராம் சோடா 44 கிராம் கரியமில வாயுவை முழுமையாகத் தரும். அமிலம் இல்லாமல் வெப்பம் மட்டுமே கிடைத்தால் பாதி வாயுதான் வரும். எஞ்சுவது சோடியம் கார்பனேட், அதாவது சலவைச் சோடா! அமிலத்தையும் சேர்த்தே தரும் பொடியை இங்கிலாந்தில் ஆல்ஃபிரட் பேர்டு 1843இல் உருவாக்கினார். அவருடைய மனைவிக்கு ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாது. அமெரிக்காவில் பேராசிரியர் எபன் ஹார்ஸ்ஃபோர்டு, பேக்கிங் பவுடருக்கு ஏற்ற கால்சியம் பாஸ்பேட் அமில உப்புக்கு 1856இல் காப்புரிமை பெற்றார். ஃபேனி ஃபார்மர் 1896இல் வெளியிட்ட சமையல் நூலின் ஹெர்மிட்டில் மொலாசஸ் இல்லை. ஆகவே அவர் பேக்கிங் பவுடரைச் சேர்த்தார். மொலாசஸ் சேரும் ஹெர்மிட்டுக்கோ சோடாவே போதும். ஏனெனில் பாகே அமிலத் தன்மை உடையது.

இப்போது என் தவறு உங்களுக்குப் புரிந்திருக்கும். வெல்லம் காய்ச்சும்போது சுண்ணாம்பு சேர்க்கிறார்கள் அல்லவா? அதனால் அதில் அமிலத் தன்மை குறைந்துவிடுகிறது. அடுத்த முறை சோடாவைக் குறைத்து, இரண்டு கரண்டி புளித்த தயிர் சேர்த்தேன். சோப்புச் சுவை போய்விட்டது.

நீங்களும் செய்து பாருங்கள். மைதா 250 கிராம், வெண்ணெய் 110 கிராம், சர்க்கரை 100 கிராம், கெட்டியான வெல்லப்பாகு அரை கப், முட்டை ஒன்று, புளித்த தயிர் 2 மேசைக்கரண்டி, சோடா அரைத் தேக்கரண்டி, பட்டைப் பொடியும் சுக்குப் பொடியும் ஒவ்வொரு தேக்கரண்டி, கிராம்பு, சாதிக்காய்ப் பொடிகள் கால் தேக்கரண்டி, திராட்சை ஒரு கைப்பிடி. ஒரு சிட்டிகை உப்பும் போடுங்கள். தட்டில் விரற்கடை உயரம் பரப்பி, 180 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் 20 நிமிடம் சுடுங்கள். நடுப்பகுதி சற்று மெத்தென்று இருக்கும்போதே எடுத்து, ஆறியபின் துண்டு போடுங்கள்.

ஒரு துண்டைப் பிட்டு, உள்ளே இருக்கும் சிறு துளைகளைப் பாருங்கள். ஒவ்வொன்றும் ஒரு வாயுக் குமிழி இருந்த இடம். காட்டை எரித்த சாம்பலில் தொடங்கி உங்கள் வீட்டு ஆப்பசோடா வரை வந்த வரலாறு அந்தத் துளைகளில்தான் அடங்கியிருக்கிறது.