ஓடுகளத்திலிருந்து சாலைக்கு: நெடுந்தொலைவு ஓட்டக்காரர்களின் விளையாட்டு வாழ்வை வடிவமைக்கும் காரணிகள்

உலகத் தடகளத்தில் நெடுந்தொலைவு ஓட்டக்காரர்களின் விளையாட்டு வாழ்வு பெரும்பாலும் இரண்டு பருவங்களாக அமைகிறது. முதற்பருவம் ஓடுகளத்தில் 5,000, 10,000 மீட்டர் போட்டிகளில் கழிகிறது. முப்பது வயதை ஒட்டி மாரத்தானுக்கான பருவம் தொடங்குகிறது. வயது ஏற வேகம் குறைகிறது, தாங்குதிறன் நிலைக்கிறது, ஆகவே ஓட்டக்காரர் நீண்ட தொலைவுக்கு மாறுகிறார் என்பது இதற்குத் தரப்படும் வழக்கமான விளக்கம். அந்த விளக்கத்தில் உண்மை உண்டு. ஆனால் அது போதாது. ஒருவர் எந்த வயதில் மாறுகிறார், மாறுகிறாரா இல்லையா என்பவற்றை அணித் தேர்வு விதிகளும் போட்டிப் பட்டியலும் வருமான வாய்ப்பும் உடலைவிட அதிகமாகத் தீர்மானிக்கின்றன என்பதே இக்கட்டுரையின் வாதம்.

உடல் தரும் விளக்கம்

எத்தியோப்பியாவின் கெனெனிசா பெக்கெலே 2004இல் 5,000 மீட்டரை 12 நிமிடம் 37.35 விநாடியில் ஓடி உலகச் சாதனை படைத்தார். கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 2 நிமிடம் 31 விநாடி என்ற வேகம் அது. கென்யாவின் எலியுட் கிப்சோகே 2022 பெர்லின் மாரத்தானை 2 மணி 1 நிமிடம் 9 விநாடியில் முடித்தபோது கிலோமீட்டருக்கு 2 நிமிடம் 52 விநாடி எடுத்துக்கொண்டார். இரண்டு போட்டிகளும் உடலிடம் கேட்பவை வேறு வேறு. ஓடுகளத்தின் பெரிய பந்தயங்கள் கடைசிச் சுற்றின் பாய்ச்சலில் முடிவாகின்றன. 2000 சிட்னி ஒலிம்பிக் 10,000 மீட்டரில் ஹைலே கெப்ரசெலாசி, பால் டெர்காட்டை 0.09 விநாடியில் முந்தித் தங்கம் வென்றார். வயது முதலில் குறைப்பது இந்தப் பாய்ச்சலைத்தான்.

சீரான வேகத்தைக் குறைந்த ஆற்றல் செலவில் காக்கும் திறனோ பல ஆண்டுப் பயிற்சியால் வளர்ந்துகொண்டே போகிறது. போர்ச்சுகலின் கார்லோஸ் லோபஸ் 1984 ஒலிம்பிக் மாரத்தானை 37 வயதில் வென்றார். கெப்ரசெலாசி 35 வயதில், 2008 பெர்லினில், 2 மணி 4 நிமிடத்துக்குள் மாரத்தானை முடித்த முதல் மனிதரானார். முதிர்ந்த வயதில் மாரத்தான் ஏன் கைகூடுகிறது என்பதை உடலியல் இவ்வாறு தெளிவாக விளக்குகிறது. ஓடுகளத்தை ஒருவர் ஏன் 27 வயதில் விடுகிறார், மற்றொருவர் ஏன் 34 வயது வரை அங்கேயே நிற்கிறார் என்பதை அது விளக்குவதில்லை.

தேர்வு விதியும் நாட்டுப் போட்டியும்

கிப்சோகே 2003 பாரிஸ் உலகப் போட்டியில் 18 வயதில் 5,000 மீட்டர் தங்கம் வென்றார். 2004 ஒலிம்பிக்கில் வெண்கலமும் 2008இல் வெள்ளியும் பெற்றார். 2012 லண்டன் ஒலிம்பிக்குக்கான கென்ய அணியில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. ஒரு போட்டிக்கு ஒரு நாட்டிலிருந்து அதிகபட்சம் மூவர் என்பது ஒலிம்பிக் விதி. உலகின் சிறந்த ஓட்டக்காரர்கள் திரண்டிருக்கும் கென்யாவில் நான்காம் இடத்துக்கு வருபவர், வேறு பல நாடுகளில் முதல்வராக இருக்கக்கூடியவர். கிப்சோகே அதே ஆண்டு அரை மாரத்தானுக்கும், 2013இல் ஹாம்பர்க்கில் முழு மாரத்தானுக்கும் வந்து, ஹாம்பர்க்கில் முதலிடம் பெற்றார். பின்னர் 2016, 2020 ஒலிம்பிக் மாரத்தான் தங்கங்கள் இரண்டும் அவருக்கே கிடைத்தன.

பிரிட்டனின் மோ ஃபரா கிப்சோகேயைவிட ஒரு வயது மூத்தவர். 2012, 2016 ஒலிம்பிக் போட்டிகளில் 5,000, 10,000 மீட்டர் தங்கங்களை அவர் வென்றார். 2017 உலகப் போட்டியில் 34 வயதில் 10,000 மீட்டர் பட்டத்தைத் தக்கவைத்தார். அதன் பிறகே முழுமையாகச் சாலைக்கு மாறினார். அவரது தனித்திறன் ஐயத்துக்கு அப்பாற்பட்டது. ஆயினும் அணியில் அவரது இடத்தைப் பறிக்கக்கூடிய போட்டியாளர் பிரிட்டனில் இல்லை. ஒரே தலைமுறையைச் சேர்ந்த இருவரின் ஓடுகள வாழ்வு ஏழு வயது இடைவெளியில் முடிந்ததற்கு அவர்கள் எந்த நாட்டுக்காக ஓடினர் என்பது முக்கியக் காரணம். ஒலிம்பிக் மாரத்தானுக்கும் மூவர் வரம்பு உண்டு. பெர்லின், லண்டன், சிகாகோ போன்ற நகர மாரத்தான்களுக்கு அந்த வரம்பு இல்லை. கென்ய, எத்தியோப்பிய ஓட்டக்காரர்களுக்குச் சாலை திறந்துவிட்ட வாயில் இதுவே.

போட்டிப் பட்டியல் வகுத்த பாதை

பெண்களின் வரலாறு இதை இன்னும் வலுவாகக் காட்டுகிறது. 1972, 1976 ஒலிம்பிக் போட்டிகளில் பெண்களுக்கு இருந்த மிக நீண்ட ஓட்டம் 1,500 மீட்டர். நார்வேயின் கிரேட்டே வைட்ஸ் இரண்டு முறையும் அதில்தான் ஓடினார். 1978இல், 25 வயதில், நியூயார்க் மாரத்தானில் முதன்முறையாக ஓடி 2 மணி 32 நிமிடம் 30 விநாடியில் உலகின் சிறந்த நேரத்தைப் பதிவுசெய்தார். அந்தப் பந்தயத்தை மொத்தம் ஒன்பது முறை வென்றார். மாரத்தான் 1984இலும், 10,000 மீட்டர் 1988இலும், 5,000 மீட்டர் 1996இலும்தான் பெண்கள் ஒலிம்பிக்கில் இடம்பெற்றன. நீண்ட தொலைவுக்கென்றே அமைந்த உடல்வாகு கொண்ட ஒரு வீராங்கனை தன் இளமையைக் குறுகிய தொலைவில் செலவிட நேர்ந்தது இந்தப் பட்டியலால்தான். படிப்படியாகத் தொலைவு கூட்டும் ஏணியே அவர் தலைமுறைக்கு இல்லை.

வருமானம்

செக்கோஸ்லோவாக்கியாவின் எமில் சாட்டோபெக் 1952 ஹெல்சிங்கியில் 5,000, 10,000 மீட்டர், மாரத்தான் மூன்றிலும் தங்கம் வென்றார். அந்த மாரத்தானே அவரது முதல் மாரத்தான். பணம் பெறாத விளையாட்டு என்ற கொள்கை நிலவிய அக்காலத்தில் மாரத்தான் தனிப் பிழைப்பாக இருக்கவில்லை. சர்வதேசத் தடகளக் கூட்டமைப்பு 1982இல் வீரர்களின் வருவாயை அறக்கட்டளை நிதியாகச் சேர்க்க இசைந்த பிறகு நிலைமை மாறியது. நகர மாரத்தான்களின் பரிசுப் பணமும் பங்கேற்புத் தொகையும் பெருகின. மறுபுறம், 2010இல் தொடங்கிய டயமண்ட் லீக் என்ற தடகளப் போட்டித் தொடரின் பட்டியலில் 10,000 மீட்டருக்கு இடமில்லை. ஆண்டுக்கு இரண்டு மாரத்தான் ஓடி வாழலாம் என்ற நிலை உருவானபோது, ஓடுகளப் பருவத்தையே தவிர்க்கும் தலைமுறை எழுந்தது. கென்யாவின் கெல்வின் கிப்டும் சாலை ஓட்டத்திலேயே வளர்ந்தார். 2023 சிகாகோவில், 23 வயதில், 2 மணி 35 விநாடி என்ற உலகச் சாதனையைப் படைத்தார். ஓடிய மூன்று மாரத்தான்களையும் வென்ற அவர் 2024 பிப்ரவரியில் கார் விபத்தில் இறந்தது தடகள உலகுக்குப் பேரிழப்பு.

ஒரு மறுப்பு

சாட்டோபெக்கும் கிப்டுமும் விதிவிலக்குகள், விதிவிலக்கைக் கொண்டு பொது விதியை மறுக்க முடியாது என்று வாதிடலாம். நெதர்லாந்தின் சிஃபான் ஹசனையும் இந்த வரிசையில் வைக்கலாம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 5,000, 10,000 மீட்டரில் வெண்கலம் பெற்ற அவர், 10,000 மீட்டர் ஓடிய இரண்டாம் நாள் மாரத்தானில் தங்கம் வென்றார். இத்தகைய ஆற்றல் அரிது என்பது உண்மையே. ஆனால் ஓடுகளம் முதலில், சாலை பின்னர் என்ற வரிசை உடலின் கட்டாயமாக இருந்தால் இவர்களில் ஒருவர்கூடச் சாத்தியமில்லை. உடல் எல்லையை வகுக்கிறது. அந்த எல்லைக்குள் பாதையை விதிகளும் வாய்ப்புகளும் வகுக்கின்றன.

முடிவு

ஆகவே ஓர் ஓட்டக்காரரின் விளையாட்டு வாழ்வைப் பதக்க எண்ணிக்கையை மட்டும் கொண்டு மதிப்பிடுவது நேர்மையான ஆய்வாகாது. அவர் நாட்டில் ஓர் இடத்துக்கு எத்தனை பேர் மோதினர், அவர் காலத்தில் எந்தத் தொலைவுகள் போட்டியாக இருந்தன, எந்தப் போட்டி அவருக்கு வாழ்வாதாரம் தந்தது என்ற மூன்று கேள்விகளையும் சேர்த்தே கேட்க வேண்டும். அப்போதுதான் மாரத்தானுக்கு மாறுவதைத் தளர்ச்சியின் அடையாளமாகப் பார்க்கும் பழக்கம் நீங்கும். வைட்ஸ் போன்றோருக்கு மறுக்கப்பட்ட ஆண்டுகளும் அவர்களது சாதனைக் கணக்கில் உரிய இடம் பெறும்.