வில்லியம்ஸ்பேர்க்: மீட்கப்பட்ட நகரமும் மறக்கப்பட்ட மாந்தரும்

ஏடுகளும் கல்வெட்டுகளும் மாத்திரமே வரலாற்றுக்குச் சான்றாவன என்று கருதிய காலம் ஒன்றிருந்தது. சாதாரண மனிதன் எதை உண்டான், எதை உடுத்தான், எவ்வாறு உழைத்தான் என்பனவும் வரலாற்றின்பாற் பட்டனவே என்னும் எண்ணம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வலுப்பெற்றது. சுவீடனின் ஸ்ரொக்ஹோம் நகரிலே ஆர்தர் ஹசீலியஸ் என்பார் 1891இல் நிறுவிய ஸ்கன்சன் திறந்தவெளி நூதனசாலை அவ்வெண்ணத்தின் விளைவாகும். அம்மரபில் அமெரிக்கா கண்ட பெருமுயற்சிகளுள் ஒன்று, வேர்ஜீனியா மாநிலத்து வில்லியம்ஸ்பேர்க் ஆகும்.

ஆங்கிலேயர் அமெரிக்காவில் நிலைத்த முதற் குடியேற்றம் 1607இல் ஜேம்ஸ்ரவுணில் அமைந்தது. அங்கிருந்த அரச மன்றக் கட்டடம் 1698இல் எரிந்துபோகவே, அடுத்த ஆண்டு தலைநகர் உள்நாட்டிற்கு மாற்றப்பட்டு, மூன்றாம் வில்லியம் மன்னனின் பெயரைப் பெற்றது. 1693இல் சாசனம் பெற்ற வில்லியம் மேரி கல்லூரி ஏற்கெனவே அங்கிருந்தது. தோமஸ் ஜெபர்சன் அக்கல்லூரியின் மாணவராவார். 1780இல் தலைநகர் றிச்மண்டுக்குப் பெயர்ந்ததும் வில்லியம்ஸ்பேர்க் ஒடுங்கியது. தேசாதிபதி மாளிகை 1781இல் எரிந்தது. மன்றக் கட்டடமும் அழிந்தது.

இவ்வாறு மறைந்த நகரை மீட்க முனைந்தவர் அவ்வூர்த் தேவாலயப் போதகரான டபிள்யூ. ஏ. ஆர். குட்வின். எண்ணெய்ச் செல்வரின் மகனான இளைய ஜோன் டீ. றொக்பெல்லரின் உதவி 1926இல் அவருக்குக் கிடைத்தது. றொக்பெல்லரின் பெயர் வெளிப்பட்டால் நிலவிலை உயரும் என்பதனால், ஈராண்டளவு அது மறைக்கப்பட்டு, குட்வினே காணிகளை வாங்கினார். ஒக்ஸ்போர்ட் பொட்லியன் நூலகத்தில் 1929இல் கண்டெடுக்கப்பட்ட செப்புத்தகடு ஒன்றிற் பொறிக்கப்பட்டிருந்த கட்டடங்களின் தோற்றமும், ஜெபர்சன் வரைந்துவைத்த மாளிகைப் படமும், நிலத்தை அகழ்ந்து கண்ட அத்திவாரங்களும் சிற்பிகளுக்கு வழிகாட்டின. பிற்காலக் கட்டடங்கள் நூற்றுக்கணக்கில் அகற்றப்பட்டன. எண்பதுக்கு மேற்பட்ட பழைய கட்டடங்கள் செப்பனிடப்பட்டன. மாளிகையும் மன்றமும் 1934இல் புதிதாக எழுந்தன. இன்று ஏறத்தாழ 300 ஏக்கர் பரப்பில் அந்நகர் விரிந்து கிடக்கின்றது.

அங்கே காணத்தக்கவற்றுள் தொழிற்கூடங்களே முதன்மையானவை. கொல்லர் உலை, மரப்பீப்பாய் செய்யுமிடம், அச்சுக்கூடம், பொய்முடி செய்வோர் கடை ஆகியவற்றில் அக்காலக் கருவிகளைக் கொண்டே தொழில் நடைபெறுகின்றது. செங்கல் செய்வோர் கோடையில் களிமண்ணை வெறுங்காலால் மிதித்துப் பதப்படுத்துவர்; காண வந்தோரும் உடன் மிதிக்கலாம். பொய்முடி அணிவோர் தம் தலையை மழித்துக்கொள்வது வழக்கம். மனித மயிரோடு குதிரை, ஆடு ஆகியவற்றின் மயிரும் அதற்குப் பயன்பட்டது. அப்போதிக்கரியின் கடையிலே முறைக்காய்ச்சலுக்குச் சிங்கோனாப் பட்டையும், வேறு பல நோய்களுக்குக் குருதி வாங்கும் கத்தியும் ஆயத்தமாயிருந்தன. அச்சுக்கூடத்தில் எழுத்துகள் ஒவ்வொன்றாகக் கையாற் கோக்கப்பட்டன. வில்லியம் பார்க்ஸ் என்பார் 1736இல் தொடங்கிய வேர்ஜீனியாப் பத்திரிகை இவ்வாறே உருவாயிற்று.

வேர்ஜீனியாவின் பொருளாதாரம் முழுவதும் புகையிலையிலே தங்கியிருந்தது. நாணயம் அரிதாகையால் வரியும் கடனும் புகையிலையாகவே செலுத்தப்பட்டன. போதகரின் ஆண்டுச் சம்பளமே 16,000 இறாத்தல் புகையிலை. 1730ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பண்டசாலைகளில் வழங்கப்பட்ட பரிசோதனைச் சீட்டுகள் பணம்போல் கைமாறின. சோழமண்டலக் கரையில் நெய்து அச்சிடப்பட்ட சீத்தைத் துணியும் கிழக்கிந்தியக் கும்பனியின் வாயிலாக அமெரிக்கக் குடியேற்றங்களை அடைந்தது. இங்கிலாந்தில் அச்சிட்ட பருத்தித் துணியை உடுப்பதற்கு 1721இல் தடை விதிக்கப்பட்டபோதும், குடியேற்றங்களுக்கு அனுப்புதல் தடைப்படவில்லை.

பொதுச் சிறைச்சாலையும் காண்போர் கருத்தைக் கவர்வது. கருந்தாடி எனப் பெயர்பெற்ற கடற்கொள்ளைக்காரன் 1718இல் கொல்லப்பட்டபின் அவன் ஆட்கள் இங்கு அடைக்கப்பட்டனர். மனநோயாளருக்கென்றே வட அமெரிக்காவில் முதன்முதலாகக் கட்டப்பட்ட பொது மருத்துவமனையும் 1773இல் இந்நகரிலேயே திறக்கப்பட்டது. தளையும் தண்ணீர் முழுக்காட்டும் அங்கு சிகிச்சையெனக் கருதப்பட்டன.

ஆயினும் இந்நகரின் வரலாற்றில் நெடுங்காலம் சொல்லப்படாத பகுதி ஒன்றுண்டு. அமெரிக்கப் புரட்சிக்கு முன்னர் அங்கு வாழ்ந்த ஏறத்தாழ 2,000 பேரிற் பாதிக்கு மேற்பட்டோர் கறுப்பினத்தவர். அவருட் பெரும்பாலோர் அடிமைகள். வீட்டுக்குப் புறம்பே நின்ற சமையற்கூடங்களின் அனலில் வெந்தவர்கள் அவர்களே. மனிதர் யாவரும் இயல்பாகவே சுதந்திரர் எனக் கூறும் வேர்ஜீனிய உரிமைப் பிரகடனம் 1776 யூன் 12இல் இந்நகரிலேதான் நிறைவேறியது. அடிமைகள் அவ்வுரிமையைக் கோராதவாறு, சமூகத்தினுட் புகுவோர்க்கே அது உரியது என்ற கருத்துள்ள தொடரொன்று விவாதத்தின்போது இடைச்செருகப்பட்டது.

மீட்டமைத்தோர் மாளிகையின் வண்ணத்தை நுணுகி ஆராய்ந்த அளவுக்கு இம்மக்களின் வாழ்வை ஆராயவில்லை. 1979இலேயே கறுப்பின நடிகர்கள் அடிமைகளின் வாழ்வை நடித்துக் காட்டத் தொடங்கினர். 1994 ஒக்ரோபரில் அடிமை ஏலம் ஒன்று நடித்துக் காட்டப்பட்டபோது, முன்னோரின் துயரம் வேடிக்கையாக்கப்படுகிறது என்று எதிர்ப்பு எழுந்தது. எதிர்த்து வந்தோருள் ஒருவர் நிகழ்ச்சியைக் கண்டபின் தம் கருத்தை மாற்றிக்கொண்டார் என்பதும் குறிப்பிடத்தக்கது.

மண்ணும் பின்னர் சாட்சி கூறிற்று. 1776இல் தோன்றிய கறுப்பினத்தாரின் பப்ரிஸ்ற் சபை பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கட்டிய தேவாலயம், 1950களில் நூதனசாலை நிறுவனத்தால் வாங்கப்பட்டு இடிக்கப்பட்டது. அந்நிலம் பிற்பாடு வாகனத் தரிப்பிடமாயிற்று. அங்கு 2020இல் தொடங்கிய அகழ்வில் அதற்கும் முற்பட்ட தேவாலயத்தின் அத்திவாரமும் அறுபதுக்கு மேற்பட்ட புதைகுழிகளும் வெளிப்பட்டன. 1760இல் கறுப்பினச் சிறுவருக்காகத் தொடங்கப்பட்டு, ஆன் வேஜர் என்னும் ஆசிரியையால் 1774வரை நடத்தப்பெற்ற பிறே பாடசாலையின் கட்டடமும் அண்மையில் அடையாளங் காணப்பட்டு, 2023இல் பழைய நகர்ப் பகுதிக்கு நகர்த்தப்பட்டது. அடிமை நிலையை ஏற்குமாறு போதிப்பதே அப்பாடசாலையின் நோக்கமாயினும், அங்கு கற்ற எழுத்தைப் பிள்ளைகள் எவ்வாறு பயன்படுத்துவர் என்பதை நிறுவியோரால் வரையறுக்க இயலவில்லை.

பழைய கட்டடத்தைச் செங்கல் எண்ணிக் கட்டிவிடலாம். அதனுள் யாரைக் குடியிருத்துவது என்பதைக் கட்டுவோரே தீர்மானிக்கின்றனர். தரிப்பிடத்தின் அடியிலிருந்து வெளிப்பட்ட அத்திவாரம், அத்தீர்மானத்தை வரலாறு மீளவும் விசாரிக்கும் என்பதை உணர்த்தி நிற்கின்றது.