முழுத்திரையில் பட்டிப்பட்டை

முழுத்திரையில் பட்டிப்பட்டை என்பது, மேசைக்கணினிச் செயலி ஒன்றின் சாளரம் திரை முழுவதையும் நிரப்பும்போது கோப்பு, திருத்து, காண் முதலிய பட்டிகளைத் தாங்கிய பட்டையைக் காட்டும் அல்லது மறைக்கும் முறையைக் குறிக்கும். பெரிதாக்கப்பட்ட சாளரமும் முழுத்திரையும் ஒன்றல்ல. முன்னதில் தலைப்புப்பட்டை எஞ்சும். பின்னதில் அதுவும் மறையும்.

பட்டை மறைந்தபின் முழுத்திரையிலிருந்து வெளியேறும் வழி பயனருக்குத் தெரியாமற் போவதே இதிலுள்ள முதன்மைச் சிக்கல். உலாவிகளில் எஃப்11 விசையைத் தவறுதலாக அழுத்தியவர், எஸ்கேப் விசையைத் தட்டியும் பயனின்றித் திகைப்பதுண்டு. எஃப்11 ஐயே மீண்டும் அழுத்தவேண்டும். மடிக்கணினிகள் பலவற்றில் அதனுடன் எஃப்என் விசையும் தேவை. லிப்ரெஓபிஸ் இவ்வகையில் மேலானது. கண்ட்ரோல்+ஷிஃப்ட்+ஜே அழுத்திப் பட்டிகளை மறைத்தபின், திரும்புவதற்கான பொத்தான் ஒன்று திரையில் மிதக்கும். கேடீஈ செயலிகளில் கண்ட்ரோல்+எம் பட்டையை மறைக்கும். மீட்கும் வழியை மறைக்குமுன்பே அறிவித்துவிடும்.

ஆப்பிள் நிறுவனம் 2011 இல் வெளியிட்ட லயன் பதிப்பில், சுட்டியைத் திரையின் மேல்விளிம்புக்குக் கொண்டுசென்றால் மட்டுமே பட்டை தோன்றியது. விளிம்பைத் தாண்டிச் சுட்டி செல்லாது என்பதால் அவ்விடத்தை எட்டுவது எளிது. 1954 இல் பால் ஃபிட்ஸ் வகுத்த விதி இதற்கு அடிப்படை. எனினும் பட்டை மறைவதைப் பலர் விரும்பவில்லை. முழுத்திரையிலும் அதை நிலையாக வைக்கும் தெரிவு 2021 இன் மான்டெரே பதிப்பில்தான் வந்தது.

தமிழ் இடைமுகத்தில் மற்றொரு கூறும் உண்டு. ஆல்ட் விசையுடன் ஓரெழுத்தை அழுத்திப் பட்டியைத் திறக்கும் வசதிக்காக, லினக்சு மொழிபெயர்ப்புகள் பலவற்றில் கோப்பு என்பதன்பின் எஃப் என்ற உரோமன் எழுத்து அடைப்புக்குறிக்குள் இடப்படுகிறது. பட்டை மறைந்தால் இக்குறிப்பும் மறையும். சுருக்குவிசைகளை மனனம் செய்யாத மாணவருக்கு இது பேரிழப்பே.

பட்டையை வேண்டுமென்றே நீக்கும் இடங்களும் உள. 2007 முதல் டெல் கணினிகள் தயாராகும் திருப்பெரும்புதூர், வாகன ஆலைகள் நிறைந்த ஒரகடம் போன்ற தொழிற்பகுதிகளில் இதன் தேவையை எளிதில் உணரலாம். உற்பத்தி வரிசையருகே வைக்கப்படும் கணினியில், பணியாளர் தற்செயலாகச் செயலியை மூடினால் பதிவுகள் தடைப்படும். இத்தகைய பயன்பாட்டுக்கென ஒரே செயலியை மட்டும் இயங்கவிடும் வசதியை விண்டோஸ் 8.1 பதிப்பு 2013 இல் அளித்தது. அங்கு வெளியேறும் விசைகள் பராமரிப்பாளருக்கு மட்டும் தெரிந்திருப்பது வழக்கம்.