சீட்டிலிருந்து கதைக்கு, கதையிலிருந்து சீட்டுக்கு: 'மேஜிக்: தி கேதரிங்' காமிக்ஸ் குறுந்தொடர்களில் நாயகன் உருவான வரலாறு

சீட்டாட்டம் ஒன்றைச் சித்திரக்கதையாக மாற்ற முனைபவர் முதலில் எதிர்கொள்ளும் சிக்கல், அதில் நாயகன் இல்லை என்பதே. மந்திரங்கள் உண்டு, அரக்கர்கள் உண்டு, வாள்களும் கோட்டைகளும் உண்டு. அவற்றையெல்லாம் ஏவுபவர் மேசைக்கு இப்பால் அமர்ந்திருக்கும் ஆட்டக்காரர். அவரைக் காமிக்ஸ் கட்டத்துக்குள் வரைய முடியாது. 'மேஜிக்: தி கேதரிங்' ஆட்டத்தை வைத்து 1995 முதல் வெளிவந்த குறுந்தொடர்கள் இந்த இடத்தை எப்படி நிரப்பின, அவை நிரப்பியது பின்னர் ஆட்டத்துக்குள்ளேயே எப்படித் திரும்பி வந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. இந்தத் தொடர்கள் விளம்பரச் சரக்கு என்று எளிதாக ஒதுக்கப்படுகின்றன. அந்த மதிப்பீடு அநீதியானது என்பது என் முடிவு.

கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்ற ரிச்சர்ட் கார்ஃபீல்ட் வடிவமைத்த இந்த ஆட்டத்தை விசர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் 1993-இல் வெளியிட்டது. முதல் பதிப்பில் 295 வகைச் சீட்டுகள். ஆடுபவர் ஒவ்வொருவரும் ஒரு 'பிளேன்ஸ்வாக்கர்', அதாவது பல உலகங்களுக்கிடையே விரும்பியபடி கடந்து செல்லும் மாயாவி. கையில் இருக்கும் சீட்டுகள் அவர் கற்ற மந்திரங்கள். எதிராளியின் 20 உயிர்ப்புள்ளிகளைச் சுழியமாக்குபவர் வெல்வார். முதல் விதிப் புத்தகத்தில் வோர்சல் என்ற மாயாவி பற்றிய சிறுகதை ஒன்றை கார்ஃபீல்ட் சேர்த்திருந்தார். அதுகூட ஆட்டத்தின் சூழலை உணர்த்துவதற்காக எழுதப்பட்டதே ஒழிய, தொடர்ந்து வளரும் கதைக்கு வித்தாக அல்ல.

கதை என்று சொல்லத்தக்க முதல் முயற்சி, 1994 மார்ச்சில் வந்த 'ஆன்டிக்விட்டீஸ்' தொகுப்பு. பென்சில்வேனியா பல்கலைக்கழக வட்டத்தைச் சேர்ந்த ஸ்காஃப் எலியாஸும் நண்பர்களும் உருவாக்கியது அது. உர்சா, மிஷ்ரா என்ற இரு சகோதரர்கள் பழங்காலத்து எந்திரங்களுக்காகப் போரிட்டு ஒரு நிலப்பரப்பையே பாழாக்கிய கதை அதன் அடியில் ஓடுகிறது. ஆனால் எந்தச் சீட்டிலும் அது முழுதாக இல்லை. படத்துக்குக் கீழே சாய்வெழுத்தில் ஓரிரு வரிகள், ஓர் எந்திரத்தின் பெயர், ஓரிடத்தின் சிதைவு என்று துணுக்குகளாகக் கிடக்கிறது. யாருக்கு எந்தச் சீட்டு முதலில் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. பாக்கெட்டைப் பிரிக்கும் ஒவ்வொருவரும் வேறு வரிசையில் அதே போரைப் படித்தார்கள். அகழாய்வில் ஓடுகளைப் பொறுக்கி ஒரு ஊரின் வாழ்வை ஊகிப்பது போன்ற வாசிப்பு அது. அழகான வாசிப்புதான். ஆனால் அதில் காலம் இல்லை. முன்னது எது, பின்னது எது என்பதைத் தர, வரிசை மாறாத ஒரு வடிவம் தேவைப்பட்டது.

அந்த வடிவம் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தது. அமெரிக்காவில் மேஜிக் சீட்டுகள் பெருமளவு விற்ற இடங்களில் காமிக்ஸ் கடைகள் முக்கியமானவை. சீட்டு வாங்க வந்த இளைஞர் நிற்கும் இடத்துக்குப் பின்னாலேயே காமிக்ஸ் அலமாரி. வீடியோ கேம் நிறுவனமான அக்ளெய்ம், வேலியன்ட் காமிக்ஸை 1994-இல் 6.5 கோடி டாலருக்கு வாங்கியிருந்தது. அதன் 'அர்மாடா' என்னும் பிரிவு மேஜிக் உரிமத்தைப் பெற்று, 1995 கோடையில் 'த ஷேடோ மேஜ்' என்ற நான்கு இதழ்க் குறுந்தொடரைத் தொடங்கியது. கதை ஜெஃப் கோமெஸ், ஓவியம் வால் மேயரிக். 'ஹோவர்ட் த டக்' பாத்திரத்தை ஸ்டீவ் கெர்பருடன் சேர்ந்து படைத்தவர் மேயரிக். கோமெஸ் பிற்காலத்தில் ஸ்டார்லைட் ரன்னர் என்ற நிறுவனத்தை நிறுவி, ஒரே கதையுலகைத் திரைப்படம், விளையாட்டு, நூல் எனப் பல ஊடகங்களில் விரிப்பதில் பெயர் பெற்றார். அந்தப் பிற்காலப் பணியின் முதல் பயிற்சிக்களமாகவே இத்தொடர்களை நான் காண்கிறேன்.

கோமெஸ் எடுத்த முடிவு எளிமையானது, துணிச்சலானது. ஆட்டக்காரருக்குப் பதில் ஒரு சிறுவனை நிறுத்தினார். கொரோண்டோர் நிலத்தின் கார்த்தாலியன் அரச மரபில் மிஞ்சிய ஒரே வாரிசு ஜாரெட். அவன் குலத்தை அழித்தவன் ராவிடெல் என்ற பிளேன்ஸ்வாக்கர். ஜாரெட் மந்திரம் கற்பதே கதையின் முதுகெலும்பு. ஆட்டத்தில் புதிதாகச் சேர்ந்தவர் தன் சீட்டுகளின் ஆற்றலை ஒவ்வொன்றாக அறிந்துகொள்வதும், இந்தச் சிறுவன் தன் ஆற்றலை அறிவதும் ஒரே பாதையில் நடக்கின்றன. வாசகர் தனக்குப் பழகிய சீட்டின் மந்திரம் காமிக்ஸ் பக்கத்தில் எழும்போது அதன் விளைவையும் முன்கூட்டியே அறிவார். மிகைக் கற்பனைக் கதைகளில் பொதுவாக மந்திரத்தின் எல்லை எதுவென்று வாசகருக்குத் தெரியாது. இங்கே விதிப் புத்தகம் அவர் பையிலேயே இருந்தது. கதாசிரியரின் கைகளை இது கட்டியிருக்கும்தான். ஆனால் வாசகரோடு இவ்வளவு நெருக்கமான உடன்படிக்கை பிற காமிக்ஸ்களுக்கு வாய்க்கவில்லை. ஜாரெட்டின் கதை 'வேஃபேரர்' என்ற ஐந்து இதழ்த் தொடரில் தொடர்ந்தது.

அதே ஆண்டின் இறுதியில் ஜெர்ரி பிராஸர் எழுதி, எக்ஸ்-மென் ஓவியராக அறியப்பட்ட பால் ஸ்மித் வரைந்த 'ஆன்டிக்விட்டீஸ் வார்' வந்தது. இதன் பணி வேறு. சீட்டுகளில் துணுக்குகளாகச் சிதறிக் கிடந்த உர்சா-மிஷ்ரா போரைப் பிள்ளைப்பருவத்திலிருந்து வரிசையாகச் சொல்ல வேண்டியிருந்தது. சகோதரர் பகை ஒரே நாளில் முளைக்கவில்லை, சிறு விலகல்கள் கூடிக்கூடிப் பெரும்போராக முற்றியது என்பதை உணர்த்தும் வசதி நான்கு இதழ்களுக்கு உண்டு, 85 வகைச் சீட்டுகளுக்கு இல்லை. ஜெஃப் கிரப் இதே போரை 1998-இல் நாவலாக எழுதினார். 2022 நவம்பரில் 'த பிரதர்ஸ் வார்' என்ற முழுச் சீட்டுத் தொகுப்பே வந்தது. துணுக்குகளை முதன்முதலில் கோத்தது அந்தக் காமிக்ஸ்தான் என்பதை இந்த நீண்ட வரிசையில் மறந்துவிடக் கூடாது.

அர்மாடா 'ஐஸ் ஏஜ்', 'ஃபாலன் எம்பயர்ஸ்', 'அரேபியன் நைட்ஸ்', 'ஹோம்லேண்ட்ஸ்' எனத் தொகுப்புகளின் பெயரிலேயே இதழ்களை அடுக்கியது. தரம் ஏறியும் இறங்கியும் இருந்தது. 'ஹோம்லேண்ட்ஸ்' சீட்டுத் தொகுப்பை ஆட்டக்காரர்கள் வலுவற்றது என்று இன்றுவரை பழிக்கிறார்கள். ஆனால் ஃபெரோஸ், செரா ஆகியோரைச் சுற்றி அத்தொகுப்பு வைத்திருந்த கதை அந்தக் காலத்தின் நிறைவான கதைகளுள் ஒன்று. ஆடுவதற்கு நல்லதும் படிப்பதற்கு நல்லதும் ஒன்றாகவே அமைய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

1996-இல் இந்த வரிசை அறுந்தது. கதையின் பலவீனத்தால் அறுந்தது என்று கொள்ள இடமில்லை. 1990களின் தொடக்கத்தில் சேகரிப்பாளர்களின் ஊக வணிகத்தால் வீங்கிய அமெரிக்கக் காமிக்ஸ் சந்தை அப்போது சரிந்துகொண்டிருந்தது. மார்வெல் 1994 இறுதியில் ஹீரோஸ் வேர்ல்ட் என்ற விநியோக நிறுவனத்தை வாங்கியதால் விநியோக முறையே குலைந்தது, கடைகள் மூடின. 1996 டிசம்பரில் மார்வெலே திவால் பாதுகாப்புக் கோரியது. ஜாரெட், ராவிடெல் கதைகளின் உச்சமாகத் திட்டமிடப்பட்டிருந்த பிளேன்ஸ்வாக்கர் போர் வெளிவரவே இல்லை.

1998-இல் டார்க் ஹார்ஸ் வெளியிட்ட 'ஜெரார்ட்ஸ் குவெஸ்ட்' நான்கு இதழ்கள் கொண்டது. 'வார்லார்ட்' படைத்த மைக் கிரெல் எழுத்து, பாப் மான் ஓவியம். இதற்குள் நிலைமை தலைகீழாகியிருந்தது. 1997-இல் வந்த 'வெதர்லைட்', 'டெம்பெஸ்ட்' தொகுப்புகளில் ஜெரார்டும் அவன் கப்பல் தோழர்களும் சீட்டுகளிலேயே தொடர்ந்து தோன்றி, கதையைப் படக்காட்சிபோல் நகர்த்தினார்கள். காமிக்ஸ் சொல்ல வேண்டியதைச் சீட்டு ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்தது. அதன் பிறகு அச்சுக் குறுந்தொடருக்கு நெடுங்காலம் இடமில்லாமல் போனதில் வியப்பில்லை.

இடைப்பட்ட காலத்தில் நடந்த பெரிய மாற்றம் 2007 அக்டோபரில் வந்த 'லோர்வின்' தொகுப்பு. அஜானி, ஜேஸ், லிலியானா, சாண்ட்ரா, கார்ருக் என்ற ஐவரோடு பிளேன்ஸ்வாக்கர் என்பதே ஒரு சீட்டு வகையானது. அதுவரை ஆட்டக்காரருக்கு மட்டும் உரிய பட்டம் பெயரும் முகமும் கொண்ட பாத்திரங்களுக்கும் போயிற்று. ஆட்டம் 14 ஆண்டுகளுக்குப் பின் எட்டிய இந்த இடத்தை காமிக்ஸ் 1995-லேயே எட்டியிருந்தது. தாக்கம் நேரடியானது என்று நிறுவுவது என் நோக்கமன்று. ஒரே சிக்கலுக்கு ஒரே தீர்வைக் காமிக்ஸ் முன்னரே கண்டது என்பதே என் வாதம்.

ஐ.டி.டபிள்யூ. பதிப்பகம் 2012 பிப்ரவரியில் தொடங்கிய நான்கு இதழ்த் தொடரை மேட் ஃபோர்பெக் எழுத, மார்ட்டின் கோக்கோலோ வரைந்தார். நாயகன் டாக் ஃபேடன் எந்தச் சீட்டிலும் இல்லாதவன், காமிக்ஸுக்காகவே பிறந்தவன். ஃபியோரா உலகத்தவன், பேர்பெற்ற திருடன். ஒரு பொருளைத் தொட்டால் அதன் கடந்தகாலம் அவனுக்குக் காட்சியாகத் தெரியும். தன் சொந்த ஊர் மக்களைக் கொன்ற சிஃபா கிரென்ட்டைத் தேடி ராவ்னிகா, இன்னிஸ்ட்ராட் உலகங்களில் அலைகிறான். பொருளைத் தொட்டு வரலாற்றை அறியும் இந்தத் திறனை நான் பெரிதும் மதிக்கிறேன். மேஜிக் ஆட்டக்காரர் 1994 முதல் சீட்டுகளைக் கொண்டு செய்துவந்ததும் இதுதானே. 'த ஸ்பெல் தீஃப்', 'பாத் ஆஃப் வெஞ்சன்ஸ்' தொடர்களிலும் இவனே நாயகன். ஜேசன் சியாரமெல்லா எழுதிய 'தீரோஸ்' அவற்றைத் தொடர்ந்து வந்தது.

இந்த இதழ்கள் உறையிட்டு, மாற்று ஓவியம் கொண்ட ஒரு சீட்டோடு விற்கப்பட்டன. முதல் இதழோடு வந்தது 'ட்ரெஷர் ஹண்ட்'. சீட்டுக்காகவே வாங்கியவர்கள் பலர். காமிக்ஸைப் படிக்க வேண்டுமென்றால் உறையைக் கிழிக்க வேண்டும், கிழித்தால் சேகரிப்பு மதிப்பு குறையும். விற்பனைக்கு உதவிய இந்த ஏற்பாடு கதைக்குக் கேடு செய்தது என்றே சொல்வேன். ஃபோர்பெக்கின் எழுத்துக்குக் கிடைத்திருக்க வேண்டிய விமர்சனக் கவனம், உறைக்குள் எந்தச் சீட்டு என்ற பேச்சில் கரைந்தது.

ஆயினும் டாக் தப்பித்தான். 2014 ஜூனில் வந்த 'கான்ஸ்பிரசி' தொகுப்பு ஃபியோராவின் பலியானோ நகரில் நிகழ்கிறது. அதில் அவன் பிளேன்ஸ்வாக்கர் சீட்டானான். அச்சீட்டின் மூன்று ஆற்றல்களையும் வரிசையாகப் பார்த்தால் காமிக்ஸ் விதியாக மாறிய விதம் புலப்படும். முதலாவது, இரண்டு சீட்டு எடுத்து இரண்டு சீட்டு கழிப்பது. கையில் சிக்கியதைப் புரட்டிப் பார்த்து, வேண்டியதை வைத்துக்கொண்டு மற்றதை எறியும் திருடனின் பழக்கம் அது. இரண்டாவது, எதிராளியின் எந்திரப் பொருள் ஒன்றைத் தனதாக்குவது. மூன்றாவது கிடைத்துவிட்டால், அதன்பின் அவன் மந்திரம் குறிவைக்கும் களப்பொருள் எல்லாமே அவனுடையது. சில்லறைக் களவிலிருந்து பெருங்களவு வரை ஒரு வாழ்க்கை வரலாறு மூன்று வரிகளில் அடங்கிவிட்டது. பழைய விலையுயர்ந்த எந்திரச் சீட்டுகள் நிறைந்த 'விண்டேஜ்' போட்டிகளில் இச்சீட்டு விரும்பி ஆடப்பட்டது. 2019-இல் 'வார் ஆஃப் த ஸ்பார்க்' கதையில் டாக் இறக்கிறான்.

பின்னர் வந்தவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். 2018-இல் வீட்டா அயாலா எழுதிய 'சாண்ட்ரா' குறுந்தொடர் ஏற்கெனவே புகழ்பெற்ற சீட்டு நாயகியை எடுத்துக்கொண்டது. 2021-இல் பூம் ஸ்டூடியோஸ், ஜெட் மெக்கே எழுத்தில் ரால், காயா, வ்ராஸ்கா மூவரையும் வைத்துக் குறுந்தொடர் வடிவத்தையே கைவிட்டு 25 இதழ்கள் வரை சென்றது.

எனக்கு முக்கியமாகப்படுவது 2020 நவம்பர். 'கமாண்டர் லெஜண்ட்ஸ்' தொகுப்பில், முடிவு எழுதப்படாமல் நின்றுபோன ஜாரெட் கார்த்தாலியன் 25 ஆண்டுகளுக்குப் பின் 'உண்மையான வாரிசு' என்ற அடைமொழியோடு சீட்டாக வந்தான். அவன் களத்தில் இறங்கியதும் அரசப் பட்டம் எதிராளி ஒருவருக்குப் போகும். அந்த முறை முடியும்வரை அவனை ஆடுபவர் அரசராக முடியாது. பட்டத்தைப் போராடிப் பறித்துவிட்டாலோ ஜாரெட்டுக்கு நேரும் சேதம் தடுக்கப்பட்டு, அந்த அளவுக்கு அவன் வலிமை கூடும். கோமெஸும் மேயரிக்கும் நான்கு இதழ்களில் வரைந்த பறிபோன அரியணையின் கதை, இப்போது ஒவ்வோர் ஆட்டத்திலும் ஆடுபவரே நடத்தி முடிக்க வேண்டிய விதியாகிவிட்டது. 2022-இல் அவனுக்கு ஐந்து நிறமும் கொண்ட பிளேன்ஸ்வாக்கர் சீட்டும் கிடைத்தது.