சேற்றுநிலம் முதல் ஈரநிலம் வரை: மலேசியாவின் ராம்சார் தளங்களும் பாதுகாப்பின் வரலாறும்

முன்னுரை

1971-ஆம் ஆண்டு பிப்ரவரி 2-ஆம் நாள், ஈரான் நாட்டில் காஸ்பியன் கடலோரத்தில் அமைந்துள்ள ராம்சார் நகரில் ஈரநிலங்களைப் பற்றிய அனைத்துலக உடன்படிக்கை கையெழுத்தானது. 1975-ஆம் ஆண்டு டிசம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. இன்று 170-க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் உறுப்பியம் பெற்றுள்ளன. மலேசியா 1994-ஆம் ஆண்டு நவம்பர் 10-ஆம் நாள் இணைந்தது. 1994-க்கும் 2016-க்கும் இடைப்பட்ட காலத்தில் இந்நாட்டின் ஏழு தளங்கள் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றன. அவற்றின் மொத்தப் பரப்பு 134,182 ஹெக்டர் ஆகும்.

ஈரநிலம் என்னும் சொல் தமிழில் அண்மைக்காலத்தது. உடன்படிக்கையின் வரையறைப்படி, இயற்கையானதோ செயற்கையானதோ, நிலையானதோ தற்காலிகமானதோ, நன்னீரோ உவர்நீரோ தேங்கியும் ஓடியும் நிற்கும் இடங்கள் அனைத்தும் இச்சொல்லுள் அடங்கும். வற்றுப்பெருக்கின்போது ஆறு மீட்டருக்கு மேற்படாத ஆழமுள்ள கடற்பகுதியும் இதில் சேரும். ஆகவே ஏரி, சதுப்பு, அலையாத்திக் காடு, நெல்வயல், கடற்புல் திடல் ஆகிய யாவும் ஈரநிலங்களே. இவற்றுள் பல பண்டைத் தமிழருக்குப் புதியவை அல்ல. நெய்தல் நிலத்துக் கழியும் கண்டலும் தாழையும் சங்கப் பாடல்களில் பயின்று வருபவை. எனினும், இவையனைத்தையும் ஒரே வகையாகக் கருதிப் பாதுகாக்கும் எண்ணம் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கு உரியது.

பட்டியலில் ஒரு தளம் இடம்பெறுவதால் அது உண்மையில் பாதுகாக்கப்படுகிறதா என்பதே இக்கட்டுரையில் நாம் எழுப்பும் வினா. இதற்கு விடை காண, உடன்படிக்கைக்கு முற்பட்ட வரலாற்றையும் நாட்டின் அரசமைப்பையும் சேர்த்து நோக்குதல் வேண்டும்.

வடிகாலின் காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மலாயாவின் மேற்குக் கரையோரச் சதுப்புகள் குடியேற்ற ஆட்சியாளரின் கண்களுக்குப் பயனற்ற நிலங்களாகவே தோன்றின. பேராக்கின் கிரியான் மாவட்டத்தில் கரும்புத் தோட்டங்கள் எழுந்தன. அவற்றில் தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கொணரப்பட்டோர் பெருமளவில் உழைத்தனர். அதே மாவட்டத்தில் 1906-இல் நிறைவுற்ற கிரியான் நீர்ப்பாசனத் திட்டம் தாழ்நிலங்களை நெல்வயல்களாக மாற்றியது. சிலாங்கூரின் கிள்ளான், கோலா லங்காட் கரையோரங்களில் முதலில் காப்பியும் பின்னர் ரப்பரும் தென்னையும் பயிரிடப்பட்டன. கடல்நீரைத் தடுக்க அணை கட்டி, வடிகால் வெட்டி, மடை வைத்து அந்நிலங்கள் உலர்த்தப்பட்டன. 1932-இல் வடிகால் நீர்ப்பாசனத் துறை தனித் துறையாகத் தோற்றுவிக்கப்பட்டபோது, சதுப்பை வடிப்பது அரசின் நிலையான பணிகளுள் ஒன்றாயிற்று.

இவ்வரலாற்றைச் சுற்றுச்சூழல் அழிவின் வரலாறாக மட்டும் வாசிப்பது பொருந்தாது. 1901-இல் திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகம், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகம், திறந்த சில மாதங்களிலேயே மலேரியாவால் மூடப்படும் நிலையை எட்டியது. கிள்ளானில் அரசு மருத்துவராக இருந்த மால்கம் வாட்சன், சதுப்புகளை வடித்தும் புதர்களை அகற்றியும் அந்நோயைக் கட்டுப்படுத்தினார். அம்முறையே பின்னர் கரையோரத் தோட்டங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. அத்தோட்டங்களில் மலேரியாவுக்குப் பலியானோரில் தமிழ்த் தொழிலாளர் மிகப் பலர். அவர்களைப் பொறுத்தவரை சதுப்பு என்பது காய்ச்சலும் சாவும் குடியிருந்த இடம். வடிகால் உயிர்காத்த வேலை. அவ்வடிகால்களை வெட்டியவர்களும் அவர்களே. ஈரநிலப் பாதுகாப்பை இன்று நம் மாணவரிடையே பேசும்போது இம்முரணை மறைத்துவிட்டுப் பேச இயலாது.

மாத்தாங்கின் காட்டியல் மரபு

வடித்தலே நெறியாக இருந்த அதே காலத்தில் ஒரு மாற்று மரபும் உருவானது. பேராக்கின் மாத்தாங் அலையாத்திக் காடு 1902-ஆம் ஆண்டு முதற்கொண்டு காட்டியல் துறையின் மேலாண்மையில் இருந்து வருகிறது. ஏறத்தாழ 40,000 ஹெக்டர் பரப்புள்ள இக்காட்டில் மரம் வெட்டுதல் தடை செய்யப்படவில்லை, முறைப்படுத்தப்பட்டது. முப்பது ஆண்டுச் சுழற்சியில் ஒவ்வொரு பகுதியும் வெட்டப்பட்டு மீண்டும் நடப்படுகிறது. பதினைந்தாம் ஆண்டிலும் இருபதாம் ஆண்டிலும் இடைவெட்டு நிகழ்கிறது. வேலைத் திட்டம் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்தி எழுதப்படுகிறது. கோலா செபெத்தாங்கின் கரிச் சூளைகளுக்கு மரம் இங்கிருந்தே செல்கிறது. காட்டை அடுத்துள்ள சேற்றுத் திட்டுகளில் சிப்பி வளர்ப்பும் கழிமுகங்களில் மீன்பிடித்தலும் நடைபெறுகின்றன. வடபகுதியில் உள்ள கோலா கூலா வலசைப் பறவைகள் வந்து தங்கும் இடமாகும்.

வெட்டியும் நட்டும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் நிலைத்திருக்கும் இக்காடு, மேற்கூறிய ஏழு தளங்களுள் ஒன்றன்று. ஆனால் உடன்படிக்கையின் மூன்றாம் விதி, பட்டியலில் உள்ளவற்றை மட்டுமின்றி, ஒரு நாட்டின் எல்லைக்குட்பட்ட ஈரநிலங்கள் அனைத்தையும் இயன்றவரை அறிவார்ந்த முறையில் பயன்படுத்துமாறு கோருகிறது. உடன்படிக்கை தோன்றுவதற்கு ஏழு பதிற்றாண்டுகள் முன்பே அத்தகைய பயன்பாட்டின் ஒரு வடிவம் இந்நாட்டில் நிலவியது என்பதை மாத்தாங் காட்டுகிறது.

பட்டியலில் ஏழு தளங்கள்

உடன்படிக்கையில் இணையும் நாடு குறைந்தது ஒரு தளத்தையேனும் பட்டியலுக்கு அளித்தல் வேண்டும். மலேசியா பகாங் மாநிலத்தின் தாசேக் பெராவை அளித்தது. தீபகற்ப மலேசியாவின் மிகப் பெரிய இயற்கை நன்னீர்ச் சதுப்பு ஏரித் தொகுதி இது. ராம்சார் பதிவின்படி இதன் பரப்பு 38,446 ஹெக்டர். இவ்வேரி அறிவியல் உலகிற்கு முன்பே அறிமுகமானது. 1970-களின் தொடக்கத்தில் அனைத்துலக உயிரியல் திட்டத்தின்கீழ் மலேசிய, ஜப்பானிய அறிஞர்கள் இதனை ஆராய்ந்தனர். அவ்வாய்வு 1982-இல் நூலாக வெளிவந்தது.

அவ்வறிஞர்களுக்கும் முன்பிருந்தே ஏரியை அறிந்தவர்கள் செமலாய் பூர்வக்குடியினர். மீன்பிடித்தலும் பிரம்பு சேகரித்தலும் கெருயிங் மரத்திலிருந்து எண்ணெய் வடித்தலும் அவர்களின் மரபுத் தொழில்கள். ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதியைச் சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள் பெருகியபின், ஏரிக்கு வந்து சேரும் நீரின் தன்மை எல்லைக்கு வெளியே நடப்பவற்றைப் பொறுத்ததாயிற்று. வரைபடத்தில் கோடிட்டுப் பிரிக்கப்பட்ட பகுதியை மட்டும் காப்பதால் ஈரநிலம் காக்கப்படுவதில்லை என்பதற்குத் தாசேக் பெரா முதற்சான்று.

2003-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள் ஜொகூரின் மூன்று தளங்கள் சேர்க்கப்பட்டன. 526 ஹெக்டர் பரப்புள்ள தஞ்சோங் பியாய் ஆசியப் பெருநிலத்தின் தென்கோடி முனை ஆகும். புலாவ் கூக்குப் 647 ஹெக்டர் பரப்புள்ள, மக்கள் வாழாத அலையாத்தித் தீவு. சுங்கை பூலாய் 9,126 ஹெக்டர் பரப்புள்ள கழிமுகக் காடு. சுங்கை பூலாயின் முகத்துவாரத்தில் 1999-இல் இயங்கத் தொடங்கிய தஞ்சோங் பெலெபாஸ் துறைமுகம் அமைந்துள்ளது. உலகின் நெரிசல் மிக்க கப்பல் வழிகளுள் ஒன்றின் ஓரத்தில் இத்தளங்கள் உள்ளமையால், கரை அரிப்பும் எண்ணெய்க் கசிவும் இவற்றின் நிரந்தர அச்சுறுத்தல்கள்.

2004-இல் தேசிய ஈரநிலக் கொள்கை வெளியிடப்பட்டது. அவ்வாண்டு டிசம்பர் 26-ஆம் நாள் நேர்ந்த ஆழிப்பேரலைக்குப் பின்னர் அலையாத்திக் காடுகளின் தடுப்பாற்றல் பொதுமக்கள் கவனத்திற்கு வந்தது. 2005-இல் கரையோரங்களில் மரம் நடும் திட்டத்தை அரசாங்கம் தொடங்கியது. அதே ஆண்டு சரவாக்கின் கூச்சிங் ஈரநிலத் தேசியப் பூங்காவும், 2008-இல் சபாவின் கீழ்க் கினாபாத்தாங்கான்-செகாமா ஈரநிலமும் பட்டியலில் சேர்ந்தன. முன்னது 6,610 ஹெக்டர். பின்னது 78,803 ஹெக்டர் பரப்புடன் ஏழனுள் மிகப் பெரியது. 2016-இல் சேர்க்கப்பட்ட கோத்தா கினபாலு ஈரநிலம் 24 ஹெக்டர் மட்டுமே. ஒரு தலைநகரின் நடுவே எஞ்சிய அலையாத்தித் துண்டான அது, 1996-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டிருந்தது. பரப்பு சிறிதாயினும் பள்ளி மாணவர் எளிதில் சென்று காணக்கூடிய தளம் அது.

உடன்படிக்கையும் அரசமைப்பும்

அனைத்துலக உடன்படிக்கைகளில் கையெழுத்திடும் அதிகாரம் கூட்டரசு அரசாங்கத்திற்கு உரியது. கூட்டரசு அரசமைப்பின் ஒன்பதாம் அட்டவணையின்படி, நிலமும் காடும் மாநிலங்களின் அதிகாரத்தில் உள்ளன. ஆக, வாக்குறுதி அளிப்பவர் ஒருவர். அதனை நிறைவேற்றும் நிலத்தை உடையவர் வேறொருவர். உடன்படிக்கைகளை நிறைவேற்றும்பொருட்டு மாநில விவகாரங்களிலும் நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம் என்று 76-ஆம் விதி இடமளிக்கிறது. எனினும் தொடர்புடைய மாநிலத்தைக் கலந்தாலோசித்த பின்னரே அதனைச் செய்ய இயலும். நடைமுறையில், ராம்சார் தளங்கள் தேசியப் பூங்கா, ஒதுக்கக் காடு, வனவிலங்குக் காப்பகம் முதலிய மாநில அறிவிப்புகளையே பாதுகாப்புக்கு நம்பியுள்ளன. உடன்படிக்கையும் தன் இரண்டாம் விதியில், பட்டியலில் சேர்த்தல் ஒரு நாட்டின் இறையாண்மையைப் பாதிக்காது என்று தெளிவாகக் கூறுகிறது. தளத்தின் இயற்கைத் தன்மை மாறினால் உறுப்பு நாடு அதனை அறிவிக்கக் கடமைப்பட்டுள்ளது. மாற்றத்தைத் தடுத்து நிறுத்தும் ஆற்றல் செயலகத்திற்கு இல்லை.

இரு அண்மை நிகழ்வுகள்

இந்நிலையின் விளைவை இரு நிகழ்வுகளின்வழி நாம் காணலாம். புலாவ் கூக்குப் 1997-இல் ஜொகூர் மாநிலத்தின் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2018-இல் அவ்வறிவிப்பு விலக்கிக்கொள்ளப்பட்டுத் தீவு சுல்தான் நிலமாக அறிவிக்கப்பட்டது. தீவு தொடர்ந்து பாதுகாக்கப்படும் என்று மாநிலத் தரப்பு உறுதி கூறியது. பூங்காச் சட்டத்தின் காப்பு நீங்கியதைச் சுட்டிச் சுற்றுச்சூழல் அமைப்புகள் கவலை தெரிவித்தன. கூட்டரசு அமைச்சும் தன் கருத்தைப் பொதுவெளியில் முன்வைத்தது. தீவின் ராம்சார் தகுதி அப்படியே இருந்தது. ஆனால் உள்நாட்டுச் சட்டத்தில் அதன் நிலை ஓர் அரசிதழ் அறிவிப்பால் மாறிவிட்டது.

மற்றொன்று சிலாங்கூரில் நிகழ்ந்தது. கோலா லங்காட் வடக்கு ஒதுக்கக் காடு ராம்சார் பட்டியலில் இல்லாத ஒரு கரிச்சதுப்புக் காடு. முழுதும் மட்காத தாவரப் படிவுகள் நீரில் ஊறிக் கிடக்கும் நிலம் இது. வடித்தால் அந்நிலம் தாழும், எளிதில் தீப்பற்றும், கரியமிலவாயுவை வெளியிடும். இக்காட்டின் பெரும்பகுதியை ஒதுக்கக் காட்டு நிலையிலிருந்து நீக்கும் திட்டம் 2020-இல் பொது அறிவிப்பாக வெளிவந்தது. அங்கு வாழும் தெமுவான் பூர்வக்குடியினரும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் எதிர்த்தனர். 2021-இல் காட்டின் பாதிக்கு மேற்பட்ட பகுதி நீக்கப்பட்டமை தெரியவந்தது. எதிர்ப்பு வலுத்ததும் அவ்வாண்டு செப்டம்பரில் மாநில அரசாங்கம் தன் முடிவைக் கைவிட்டது. 2022-இல் நாடாளுமன்றம் தேசியக் காட்டியல் சட்டத்தைத் திருத்தி, ஒதுக்கக் காட்டின் நிலையை நீக்குமுன் பொது விசாரணை நடத்தப்பட வேண்டும் என்று விதித்தது.

அனைத்துலகத் தகுதி பெற்ற தீவு தன் உள்நாட்டுக் காப்பை இழந்தது. அத்தகுதி இல்லாத காடு மக்கள் குரலால் மீண்டது. இவ்விரண்டையும் கொண்டு ராம்சார் பட்டியல் பயனற்றது என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. கூக்குப் பற்றிய விவாதம் நாடளாவிய நிலையை எட்டியதற்கு அதன் ராம்சார் தகுதியும் ஒரு காரணம். பட்டியல் ஓர் இடத்தின் பெயரை உலகறியச் செய்கிறது. கேள்வி கேட்பவருக்கு ஒரு பிடிமானம் தருகிறது. ஆயினும் காப்பு என்பது மாநிலச் சட்டத்திலும் முன்னறிவிப்பிலும் அவ்வறிவிப்பைப் படித்து எதிர்வினையாற்றும் மக்களிடத்திலுமே தங்கியுள்ளது.

முடிவுரை

இவ்வரலாற்றிலிருந்து மூன்று கருத்துகளை நாம் முன்வைக்கலாம். முதலாவது, மலேசியாவின் ஈரநிலப் பாதுகாப்பு 1994-இல் தொடங்கவில்லை. மாத்தாங்கின் காட்டியல் மரபும் செமலாய் மக்களின் ஏரி வாழ்வும் அதற்கு முற்பட்டவை. இரண்டாவது, உடன்படிக்கைக்கும் நில உரிமைக்கும் இடையிலுள்ள அரசமைப்பு இடைவெளி நிரப்பப்படும்வரை எந்தத் தளமும் முழுமையான காப்புப் பெற்றதாகக் கொள்ள முடியாது. மூன்றாவது, அந்நிலங்களை நம்பி வாழ்வோரை முடிவெடுக்கும் அவையில் அமர்த்தாத பாதுகாப்பு நீடிப்பதில்லை.

தமிழாசிரியர்க்கு இதில் தனிப் பங்கு உண்டு. கிள்ளான், கோலா லங்காட், கிரியான் வட்டாரங்களில் உள்ள தமிழ்ப்பள்ளிகள் பல, வடிக்கப்பட்ட சதுப்பின்மீதே நிற்கின்றன. பள்ளியருகே ஓடும் வடிகாலை யார் வெட்டினர், அதற்குமுன் அங்கு என்ன இருந்தது, அங்கு யார் வாழ்ந்தனர் ஆகிய மூன்று வினாக்கள் ஒரு வட்டார வரலாற்றுப் பாடத்திற்குப் போதுமானவை. முதியோரிடம் கேட்டுப் பதிவு செய்ய வேண்டிய விடைகள் அவை. தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் குடும்பங்கள் நகர்ப்புறம் பெயர்ந்துவிட்ட இன்றைய நிலையில், அவ்விடைகளைச் சொல்லக்கூடியவர்கள் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். ஆகவே இப்பணியை இனியும் ஒத்திப்போடுதல் தகாது.