எடையைக் கூட்டி நோயைக் குறைக்கும் திரிபு: சமோவா மரபணுச் சான்றும் சிக்கன மரபணு வாசிப்பும்

2016-இல் நேச்சர் ஜெனிடிக்ஸ் இதழில் வெளியான சமோவா ஆய்வு, கிரெப்ஆர்எஃப் என்னும் மரபணுவிலுள்ள ஒரு திரிபை உடல் எடையோடு இணைத்தது. அன்றிலிருந்து அத்திரிபு ‘சிக்கன மரபணு’வுக்குக் கிடைத்த கண்கூடான சான்றாகவே எடுத்தாளப்பட்டு வருகிறது. பசிபிக் தீவினரிடையே நீரிழிவு மிகுந்திருப்பதற்கு அவர்களுடைய முன்னோர் பஞ்சத்தில் தப்பிப் பிழைத்த விதமே காரணம் என்ற பழைய விளக்கம் இதனால் உறுதிப்பட்டுவிட்டது என்று எழுதுவோர் பலர். ஆய்வின் தலைப்பே அதைச் சிக்கனத் திரிபு என்று குறிப்பதால் அவர்களை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் அதே ஆய்வின் முடிவுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது அந்த வாசிப்பு நிற்கவில்லை. எடை பற்றிய முடிவை முன்னிறுத்தி, நீரிழிவு பற்றிய முடிவை ‘முரண்’ என்ற ஒரு சொல்லில் கடந்துபோவதால்தான் அது நிற்பதுபோலத் தோன்றுகிறது. அந்த முரணையே மையச் சான்றாகக் கொள்ள வேண்டும் என்பது என் வாதம்.

முடிவுகள் இவை. 3,072 சமோவர்களின் மரபணுத் தொகுதியை ஆராய்ந்ததில், கிரெப்ஆர்எஃப் புரதத்தின் 457-ஆம் இடத்தில் அர்ஜினினுக்குப் பதில் குளூட்டமினை வைக்கும் திரிபு தெரியவந்தது. சமோவர்களிடம் அதன் நிகழ்வெண் 0.259. கலப்பு தற்செயலாக நடப்பதாகக் கொண்டால் ஏறத்தாழ 45 விழுக்காட்டினர் ஒரு பிரதியையாவது சுமக்கிறார்கள். ஐரோப்பியரிடமோ ஆப்பிரிக்கரிடமோ இது கிட்டத்தட்ட இல்லை. ஒவ்வொரு பிரதிக்கும் உடல் நிறைக் குறியீடு சுமார் 1.36 அலகு கூடுகிறது. 170 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவருக்கு அது நான்கு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. எடையோடு தொடர்புடைய திரிபுகளில் உலகறிந்ததான எஃப்டிஓ மரபணுத் திரிபின் விளைவு இதில் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டாது. இவ்வளவு வலுவாக எடையைக் கூட்டும் ஒன்று நீரிழிவு வாய்ப்பையும் கூட்டும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். ஆனால் உடற்பருமன் வாய்ப்பை 1.3 மடங்கு உயர்த்தும் அதே திரிபு, நீரிழிவு வாய்ப்பை 1.6 மடங்கு தாழ்த்துகிறது. நியூசிலாந்தில் வாழும் மாவோரியரிடமும் பிற பசிபிக் மக்களிடமும் பின்னர் நடந்த ஆய்வும் இரு திசைகளையும் அப்படியே கண்டது. ஆகவே இதை ஒரே மாதிரிக் குழுவின் தற்செயல் விளைவு என்று தள்ள இயலாது.

இந்த இரு திசைகளும் ஏன் சிக்கன வாசிப்பைச் சிக்கலில் தள்ளுகின்றன என்பதற்கு, ஜேம்ஸ் நீல் 1962-இல் முன்வைத்த கருதுகோளின் கட்டமைப்பை நினைவில் கொள்ள வேண்டும். நீல் விளக்க முற்பட்டது பருமனை அன்று; நீரிழிவைத்தான். இவ்வளவு தீங்கான நோய்க்குரிய மரபுக்கூறு மக்களிடையே ஏன் இத்தனை பரவலாக நிலைத்திருக்கிறது என்பதே அவருடைய கேள்வி. உணவு கிடைத்தவுடன் இன்சுலினை விரைந்து சுரப்பவர்கள் குளுக்கோஸை வீணாக்காமல் சேமித்தார்கள். உணவு எப்போதும் கிடைக்கும் காலம் வந்ததும் அதே விரைவு நோயாக முடிந்தது என்பது அவர் விடை. ஆக, சேமிப்பு, தேர்வு, நீரிழிவு என்ற மூன்று கண்ணிகள் அதில் தொடர்ந்து வர வேண்டும். மூன்றாவது கண்ணி அறுந்தால் எஞ்சுவது வேறொரு கருதுகோள். கிரெப்ஆர்எஃப் சான்றில் அறுந்திருப்பது அந்த மூன்றாவது கண்ணிதான். நீலே 1982-இல் தம் முதல் உடலியல் விளக்கத்தைத் திருத்திக்கொண்டார். ஆனால் அவரை மேற்கோள் காட்டுவோர் திருத்திக்கொண்டதாகத் தெரியவில்லை.

சிக்கன வாசிப்பு பெரிதும் ஊன்றி நிற்பது செல் சோதனையில். அதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். எலிக் கருவிலிருந்து பெறப்பட்டு, ஆய்வகங்களில் நெடுங்காலமாக வளர்க்கப்பட்டுவரும் ஒரு செல்வரிசையைக் கொழுப்புச் செல்லாக முதிர வைக்கலாம். அச்செல்களில் கிரெப்ஆர்எஃப் மரபணுவை வலிந்து மிகுதியாக இயங்கச் செய்தார்கள். திரிபுடைய வடிவம் இயங்கிய செல்கள், இயல்பான வடிவம் இயங்கியவற்றைவிடக் குறைந்த ஆற்றலைச் செலவிட்டு அதிகக் கொழுப்பைச் சேர்த்தன. முடிவு தெளிவானது, அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இந்தச் சோதனைக்குக் கணையமும் இல்லை, தசையும் இல்லை, கல்லீரலும் இல்லை. கொழுப்புச் செல் தனித்திருக்கையில் என்ன செய்கிறது என்பதைத்தான் அது காட்டும். கூடுதல் கொழுப்பைத் தனக்குள் பாதுகாப்பாக ஏற்றுக்கொள்ளும் செல், கல்லீரலுக்கும் தசைக்கும் அது வழிந்தோடாமல் தடுத்திருக்கவும் கூடும். அப்படியானால் இதே சோதனையை நீரிழிவுக்கு எதிரான காப்பின் தடயமாகவும் வாசிக்கலாம். பஞ்சத்துக்கான தகவமைப்பு என்ற பொருள், செல்களுக்கு வெளியிலிருந்து கொண்டுவந்து ஏற்றப்பட்டது.

அடுத்து, கூடிய அந்த எடை எதனால் ஆனது என்ற கேள்வி. உடல் நிறைக் குறியீட்டுக்குக் கொழுப்பும் தசையும் எலும்பும் ஒன்றுதான். ஒரே குறியீட்டு அளவில் பாலினேசியரின் உடலில் ஐரோப்பியரைவிடக் கொழுப்பு குறைவாகவும் கொழுப்பற்ற நிறை அதிகமாகவும் இருப்பது முன்பே அறியப்பட்ட செய்தி. அதற்கு மேலும் சில செய்திகள் பின்னர் சேர்ந்தன. இத்திரிபு உயரத்தோடும் தொடர்புடையது. தசை வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மயோஸ்டாட்டின், திரிபுடைய ஆண்களின் இரத்தத்தில் குறைவாக இருக்கிறது. இவற்றைச் சேர்த்துப் பார்த்தால், கொழுப்பைக் கஞ்சத்தனமாகச் சேர்க்கும் உடலைவிட, மொத்தத்தில் பெரிதாக வளரும் உடலே கண்முன் வருகிறது. குளுக்கோஸின் பெரும்பகுதியை உள்வாங்குவது தசை என்பதால், காப்பின் ஒரு பகுதி இங்கிருந்தே வரலாம். எல்லாம் தசையால்தான் என்று சொல்ல நான் துணியவில்லை. கொழுப்பு நிறையும் கூடவே செய்கிறது.

இதைவிடக் கூர்மையான சான்று இன்சுலினிலிருந்து வருகிறது. மாவோரி, பசிபிக் வம்சாவளி ஆண்களிடம் 2021-இல் வெளியான ஓர் ஆய்வு, இத்திரிபு உடையவர்களிடம் இன்சுலினின் தொடக்கச் சுரப்பு வலுவாக இருப்பதாகக் கண்டது. நீல் சிக்கனத்தின் அடையாளமாகக் கருதியது இந்த விரைந்த சுரப்பைத்தான். அவர் தேடிய பண்பு, அவர் தேடிய வகை மக்களிடமே கிடைத்திருக்கிறது. ஆனால் அது அவர் சொன்ன இடத்துக்கு இட்டுச் செல்லவில்லை. விரைந்து சுரக்கும் கணையம் நோயில் முடியவில்லை, நோயைத் தள்ளி வைக்கிறது. இரண்டாம் வகை நீரிழிவில் முதலில் தளர்வனவற்றுள் தொடக்கச் சுரப்பும் ஒன்று என்பதை அறிந்த இன்றைய உடலியலுக்கு இதில் வியப்பு ஏதும் இல்லை. ஆய்வில் பங்கேற்றோர் தொகை பெரிதன்று. அதனால் இதை என் வாதத்தின் தூணாக வைக்கவில்லை. ஆனால் முன் கண்டவற்றோடு இது திசை மாறாமல் பொருந்துகிறது.

தேர்வு பற்றிய சான்றையும் அளவோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். திரிபைச் சுற்றியுள்ள மரபுத்தொடர் எதிர்பார்ப்பைவிட நீளமாக இருப்பதால் அது விரைவில் பரவியிருக்க வேண்டும் என்பது வாதம். விரைந்த பரவலை நான் மறுக்கவில்லை. ஆனால் சமோவாவில் லாப்பிடா மட்பாண்ட மரபினர் குடியேறி சுமார் 2,800 ஆண்டுகள்தான் ஆகின்றன. குடியேறியவர்கள் சிலரே, நெடுங்காலம் மக்கள் தொகையும் சிறியதாகவே இருந்தது. அத்தகைய சூழலில் அரிய திரிபு ஒன்று எந்தப் பயனும் தராமலே நான்கில் ஒரு பங்கு நிகழ்வெண்ணை எட்டுவது நடக்கக்கூடியதே. தேர்வுதான் என்று வைத்துக்கொண்டாலும், தேர்ந்தெடுக்கப்பட்டது பசியைத் தாங்கும் திறனா, பெரிய உடலா, தசை வலிமையா என்பதை மரபுத்தொடரின் நீளம் சொல்லாது. நீண்ட கடற்பயணத்தில் பட்டினியால் மெலிந்தோர் மாண்டு பருத்தோர் கரை சேர்ந்தனர் என்ற சித்திரம், எழுதுவோரின் கற்பனைக்கு உகந்தது என்பதற்கு மேல் வலிமை உடையதன்று. அப்பயணங்களைத் திட்டமிட்டு, பயிர்களையும் விலங்குகளையும் ஏற்றிச்சென்று நடத்திய மக்களின் கடலறிவுக்கும் அது நியாயம் செய்யவில்லை.

இரண்டு எதிர்வாதங்களுக்கு விடை தேவை. எடையைக் கணக்கில் கொண்டு நீரிழிவை ஒப்பிடும்போது, எடையைக் கூட்டும் எந்தத் திரிபும் பொய்யாகக் காப்பளிப்பதுபோலத் தோன்றலாம் என்பது முதலாவது. பொதுவாக இது சரியான எச்சரிக்கை. ஆனால் நியூசிலாந்துத் தரவில் எடையைக் கணக்கில் கொள்ளாமல் பார்த்தபோதும் காப்பு மறையவில்லை. கணக்கில் கொண்டபோது சற்றுக் கூடியது, அவ்வளவுதான். பருத்த நீரிழிவாளர்கள் முன்கூட்டியே இறந்துவிடுவதால் கணக்கு பிறழ்கிறது என்பது இரண்டாவது. திரிபுடையவர்கள் மட்டும் அவ்வாறு தனித்து இறக்க வேண்டும் என்பதால் இதில் நெடுநேரம் நிற்க வேண்டியதில்லை.

மக்கள்தொகை அளவில் இதன் விளைவு தெளிவானது. சமோவாவில் நீரிழிவு கடந்த சில பத்தாண்டுகளில் பெருகியது. ஒரு திரிபின் நிகழ்வெண் அவ்வளவு குறுகிய காலத்தில் மாறாது. பெருகியது இறக்குமதி உணவும், உடலுழைப்புக் குறைந்த வேலையும். அந்தப் பெருக்கத்தின் நடுவே இத்திரிபு எதிர்த்திசையில் இழுத்துக்கொண்டிருக்கிறது. அது இல்லாதிருந்தால் நோயாளிகள் இன்னும் அதிகம் இருந்திருப்பார்கள். அப்படியிருக்க, ஒரு மக்களின் நோய்ச்சுமைக்கு அவர்களைக் காக்கும் திரிபையே பொறுப்பாக்குவது தவறு என்பதோடு அநீதியும் ஆகும். ஐரோப்பியத் தரவில் கட்டப்பட்ட மரபணு அபாய மதிப்பெண்களில் இத்திரிபு இடம்பெறவே வாய்ப்பில்லை. அங்கே அது இல்லை. அம்மதிப்பெண்ணைச் சமோவர் ஒருவருக்குப் பயன்படுத்தினால், அவருடைய அபாயத்தைக் குறைக்கும் மிக வலுவான மரபுக்கூறு கணக்கிலேயே வராது. குறைந்த எடையிலேயே நீரிழிவு தாக்கும் தெற்காசியருக்கும் இதே சிக்கன விளக்கம் தாராளமாகப் பொருத்தப்பட்டு வந்துள்ளது. எடையும் நோயும் எதிரெதிராகப் பிரிந்து நிற்கும் இவ்விரு மக்களையும் ஒரே கருதுகோள் விளக்குமானால், அது எதைத்தான் விளக்காது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

என் வாசிப்பைப் பொய்யாக்கும் வழியும் உண்டு. மயோஸ்டாட்டின், இன்சுலின் சுரப்பு ஆகிய இரண்டும் ஆண்களிடம் கண்ட முடிவுகள். பெண்களிடம் தொடக்கச் சுரப்பில் வேறுபாடு இல்லாமல், கொழுப்பு மட்டும் கூடி, வயது ஏற ஏறக் காப்பும் தேய்ந்துபோகுமானால், மூன்றாவது கண்ணி அறுந்துவிட்டது என்ற என் முடிவைத் திரும்பப் பெற வேண்டியிருக்கும். ஒரே குழுவினரைக் குழந்தைப் பருவத்திலிருந்து பின்தொடர்ந்து, எடையோடு குளுக்கோஸ் தாங்குதிறனையும் அளந்துவரும் ஆய்வுதான் அதைத் தீர்க்கும்.